பாட்டியின் முதல் ஓட்டைத் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

மாசி பிறந்தால் கல்லூரிப் பிள்ளைகள் கைபேசியில் குரல் பதிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "ப்ராஜெக்ட் சார், எங்க ஊர்ப் பொம்பளைங்க மொதல்ல எப்ப ஓட்டுப் போட்டாங்கன்னு எழுதணும்." எழுத்துப்பிழையை அவர்களே திருத்திக்கொள்வார்கள். நான் சொல்லப்போவது, முப்பது வருஷம் முன்னால் நானே செய்து சூடுபட்டவை.

1921 என்று எழுதி முற்றுப்புள்ளி வைப்பது

இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். பெண்களுக்கு ஓட்டு உண்டா என்பதை 1919 சட்டம் மாகாணங்களிடம் விட்டது. 1921 ஏப்ரலில் சென்னை சட்டசபை தீர்மானம் போட்டு, பெண் என்பதற்காக இருந்த தடையை எடுத்தது. பிரிட்டிஷ் மாகாணங்களில் நாம்தான் முதல். பெருமைதான், ஆனால் எடுத்தது அந்த ஒரு தடையை மட்டும். சொத்தோ வரியோ இருந்தால்தான் ஓட்டு என்ற விதி அசையவில்லை.

தஞ்சாவூர் ஜில்லாவில் நிலம் யார் பெயரில் இருந்தது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். மிராசுதார் வீட்டிலேயே பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில். கல்யாணச் சீராக, மஞ்சக்காணி என்று கொடுத்த நிலத்தைத் தன் பெயரில் வைத்திருந்தவள், புருஷன் போனபின் தானே கிஸ்தி கட்டியவள் என்று சிலர் பட்டியலுக்குள் வந்திருக்கலாம். நாற்றங்காலில் நின்ற பண்ணையாள் பெண்ணுக்கு அதில் இடமே இல்லை. அவள் புருஷனுக்கும் இல்லை.

இதெல்லாம் தெரியாமல், எங்கள் ஊர் விழா மலரில் "1921 முதல் நம் ஊர்ப் பெண்கள் வாக்களித்து வருகிறார்கள்" என்று கொட்டை எழுத்தில் போட்டேன். முந்நூறு பிரதி. விழாவன்று பேரன் அதை வாசித்துக் காட்ட, நடவு வேலைக்குப் போகும் ஆயா ஒருவர் என்னைத் தேடி வந்தார். "எங்க ஆத்தாளுமா தம்பி போட்டா? அவளை அந்தத் தெருவுக்குள்ளயே விடமாட்டாங்களே." பதில் சொல்ல வாய் வரவில்லை. மலர் எடைக்குப் போனது. அச்சுக்கூலி என் சம்பளத்தில் போனது.

1935 சட்டம் கொஞ்சம் கதவைத் திறந்தது. கணவனின் சொத்தை வைத்து மனைவிக்கும், எழுதப் படிக்கத் தெரிந்தவளுக்கும் 1937 தேர்தலில் ஓட்டு உண்டு. அப்போதும் அந்த ஆத்தாள் வெளியேதான். இருபத்தொரு வயதானால் போதும் என்று அரசியல் சாசனம் சொன்னபிறகு, 1952 ஜனவரியில்தான் அவளுக்கு முறை வந்தது. ஆகவே வருஷத்தை எழுதுமுன் யாருடைய பாட்டி என்று எழுதுங்கள்.

முத்துலட்சுமி ரெட்டி தேர்தலில் வென்றார் என்பது

அவர் சென்னை சட்டசபைக்கு வந்தது நியமனத்தில்.

இன்றைய மாவட்டத்தில் தேடுவது

தனி மாவட்டமான வருஷங்கள்: நாகப்பட்டினம் 1991, திருவாரூர் 1997, மயிலாடுதுறை 2020. அதற்கு முந்தைய காகிதமெல்லாம் தஞ்சாவூர் என்றுதான் இருக்கும்.

காரைக்காலை மறப்பது

நண்டலாற்றைத் தாண்டினால் அன்று பிரெஞ்சு ஆட்சி. 1921 தீர்மானம் அங்கே செல்லாது. 1952 தேர்தலும் அங்கே நடக்கவில்லை, காரைக்கால் நம்மோடு வந்தது 1954 நவம்பர் 1-ல். பிரான்சிலேயே பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1944-ல்தான். காரைக்காலில் பிறந்து திருக்கடையூரில் வாழ்க்கைப்பட்ட பாட்டி என்றால், கல்யாணமான வருஷத்தைக் கேட்காமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் 28 லட்சத்தில் சேர்ப்பது

முதல் பொதுத்தேர்தலில் தன் பெயரைச் சொல்லாமல் "இன்னார் மனைவி", "இன்னார் மகள்" என்றே பதிந்த சுமார் 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டார்கள். அது பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கத்துக் கதை. உங்கள் பாட்டி விடுபட்டதற்கு வேறு காரணம் தேடுங்கள்.

"யாருக்குப் போட்டீங்க?"

கேட்காதீர்கள்.

பாட்டி சொன்ன வருஷத்தை அப்படியே நம்புவது

வருஷம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? பெட்டியைக் கேளுங்கள். 1952-லும் 1957-லும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி. சீட்டில் எதுவும் குத்த வேண்டாம், பெட்டியில் போட்டால் போதும். "முத்திரை குத்தினேன்" என்று பாட்டி சொன்னால் அது 1962 அல்லது அதற்குப் பிந்தைய தேர்தல். தி.மு.க.வுக்குப் போட்டேன் என்றால் 1952 கிடையவே கிடையாது, அந்தக் கட்சி அப்போது போட்டியிடவில்லை.

போன வருஷம் வந்த பெண் ஒருத்தி தன் கொள்ளுப்பாட்டியின் குரலைப் போட்டுக் காட்டினாள். "சீட்டை மடிச்சு மாட்டுப் பெட்டியில போட்டேன்." காங்கிரசின் இரட்டைக் காளை. அது 52-ஆ, 57-ஆ? பாட்டியிடமே திரும்பப் போய், பெரிய புயலுக்கு முன்னாலா, பின்னாலா என்று மட்டும் கேட்டு வா என்றேன். முன்னால் என்று பதில் வந்தது. எந்தப் புயல் என்று கேட்க மறந்துவிட்டேனே சார் என்று அவள் விசனப்பட்டாள். அந்த இரண்டு தேர்தலுக்கும் நடுவே டெல்டாவைப் புரட்டிப் போட்டவை 1952 நவம்பரிலும் 1955-லும் வந்தவை. இரண்டில் எதுவானால் என்ன, அதற்கு முந்தைய பெட்டி ஜனவரி 52-தான்.