கோபன்ஹேகனில் சஸ்டெய்னபிலிட்டி கோர்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடையில் சில வாரம் கோபன்ஹேகனில் சஸ்டெய்னபிலிட்டி கோர்ஸ் படிக்கப் போகிறவர்களின் புகைப்படங்களில் அமாகர் பக்கே தவறாமல் வந்துவிடும். குப்பையை எரித்து மின்சாரமும் வீடுகளுக்கு வெப்பமும் தரும் ஆலை அது. கூரைமேல் பனிச்சறுக்குச் சரிவு, 2019இல் திறந்தது. படத்தைப் போட்டு, "இதுதான் எதிர்காலம்" என்று எழுதுவதோடு பலருக்கு அந்த ஆலை முடிந்துவிடுகிறது. படம் எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த ஆலையை வைத்து அந்த ஊரிலேயே பல வருடமாக நடக்கும் சண்டையைத் தெரிந்துகொள்ளாமல் திரும்பினால், கட்டிய கட்டணத்தில் பாதி வீண்.

டென்மார்க் தன் குப்பைக்குத் தேவையானதைவிட அதிகமாக எரி ஆலைகளைக் கட்டிவிட்டது. உலைக்குத் தீனி போட வேண்டுமே, வெளிநாட்டுக் குப்பையைக் கப்பலில் வரவழைத்தார்கள். அந்தக் குப்பையில் பிளாஸ்டிக் இருக்கும், எரித்தால் கரியமில வாயு வரும். 2020இல் எரிக்கும் திறனை 30 சதவீதம் குறைப்பது என்று அரசியல் கட்சிகளே உடன்பாடு செய்துகொண்டன. இன்னொரு பக்கம், 2025க்குள் உலகின் முதல் கார்பன் சமநிலைத் தலைநகர் (வெளியிடும் கார்பனும் ஈடுகட்டும் கார்பனும் சமமாக இருக்கும் ஊர்) ஆவோம் என்று 2012இல் அறிவித்திருந்த கோபன்ஹேகன் மாநகராட்சி, இதே ஆலையின் புகையிலிருந்து கார்பனைப் பிரித்துப் பிடிக்கும் திட்டத்தைத்தான் பெரிதும் நம்பியிருந்தது. அதற்கு அரசு நிதி கிடைக்கும் வழி அடைபட்டது. 2022 ஆகஸ்டில் அந்த இலக்கு கைவிடப்பட்டது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு கூரைமேல் ஏறினால் ஆலை வேறு மாதிரி தெரியும். யார் கட்டினார்கள், யார் பணம், கணக்கில் எது விட்டுப்போனது? எந்த நிறுவனத்துக்குப் போனாலும் இந்த மூன்று கேள்வியைக் கையில் வைத்திருங்கள். வழிகாட்டி காட்டும் ஸ்லைடில் இவற்றுக்குப் பதில் இருக்காது, கேட்டால்தான் சொல்வார்கள்.

அடுத்து, கலுண்ட்போர்க். தலைநகரிலிருந்து மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் உள்ள சிறு துறைமுக நகரம். ஓர் ஆலையின் கழிவு பக்கத்து ஆலைக்கு மூலப்பொருள் ஆவதற்கு உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்கள் காட்டும் உதாரணம் இதுதான். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வீணாக எரித்துக்கொண்டிருந்த வாயு 1972இல் ஜிப்சம் பலகைத் தொழிற்சாலைக்குப் போனது. அனல்மின் நிலையத்தின் நீராவி மருந்து ஆலைக்கு, ஆலைக் கசடு வயல்களுக்கு உரமாக, புகையில் கந்தகத்தை நீக்கும்போது உண்டாகும் ஜிப்சம் மறுபடி பலகைக்கு. இதையெல்லாம் யாரோ மேஜையில் உட்கார்ந்து வரைந்த பசுமைத் திட்டம் என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. அப்படி ஒரு திட்டமே இல்லை. நிலத்தடி நீர் போதவில்லை, நீராவியும் வாயுவும் வீணாகின்றன, பக்கத்துக்காரனுக்குக் கொடுத்தால் இருவருக்கும் லாபம் என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்த ஒப்பந்தங்கள் அவை. ஊர் சிறியது, மேலாளர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியும். பல வருடம் கழித்துத்தான் மொத்தமாகப் பார்த்து அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்.

இதைப் புரிந்துகொண்டால் அதன் பலவீனமும் புரியும். ஒருவரின் கழிவை நம்பி இன்னொருவர் தொழில் நடத்தினால், கழிவு நின்றால் என்ன ஆகும்? நிலக்கரியை எரித்ததால்தான் அந்த ஜிப்சம் கிடைத்தது; மின் நிலையம் மரச்சில்லுக்கு மாறியபோது அந்தக் கண்ணி அறுந்தது. அறிக்கை எழுத இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது. பாராட்டுரையை எல்லோரும் எழுதுவார்கள்.

நிறுவனங்களின் வார்த்தையை அப்படியே எடுத்து அசைன்மென்ட்டில் ஒட்டுவது இன்னொரு தவறு. டென்மார்க்கின் மின் நிறுவனமான ஓர்ஸ்டெட் எண்ணெய், எரிவாயுத் தொழிலை விற்றுவிட்டு 2017இல் பெயரையே மாற்றிக்கொண்டு கடல் காற்றாலைக்குப் போனது. பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் நிலக்கரியை விட்டதில் ஒரு பங்கு மரக்கட்டைத் துகள்களை எரித்ததால் வந்தது. மரத்தை எரித்தால் மின் நிலையக் கணக்கில் கார்பன் பூஜ்யம் என்பது விதி. அதன் மீது விவாதம் ஓயவில்லை. 2023இல் அமெரிக்காவின் நியூஜெர்சி கடலோரத்தில் இரண்டு பெரிய திட்டங்களை இதே நிறுவனம் கைவிட்டது, வட்டியும் செலவும் ஏறிப்போனதால். இந்த இரண்டையும் விட்டுவிட்டு எழுதினால் அது விளம்பரம்.

விளம்பரம் என்றதும் அப்புறம் ஒன்று. பன்றி இறைச்சி விற்கும் டேனிஷ் கிரௌன், தன் பொட்டலங்களில் "காலநிலைக் கட்டுப்பாடு செய்யப்பட்ட பன்றி" என்ற பொருள்பட ஒட்டியிருந்தது. அது நுகர்வோரைத் தவறாக வழிநடத்துகிறது என்று 2024இல் டென்மார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோர்ஸ் முடியும் முன் ஒருநாள் சூப்பர்மார்க்கெட்டில் நின்று பொட்டலங்களைப் படியுங்கள். எந்த இலைச் சின்னத்துக்கு வெளியாள் தணிக்கை இருக்கிறது, எது வெறும் படம் என்று பிரித்துப் பார்ப்பதே ஒரு மதிய வேலை.

அசைன்மென்ட்டுக்குத் துணி நிறுவனத்தை எடுத்துக்கொண்டால் அதன் டென்மார்க் அலுவலகத்தின் மின்கட்டணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கார்பன் கணக்கின் பெரும்பகுதி நூற்பிலும் சாயத்திலும் இருக்கும், அதாவது பல சமயம் ஆசியாவில். சாயக்கழிவு நொய்யலை என்ன செய்தது, 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது ஏன், சுத்திகரிப்புச் செலவை யார் சுமக்கிறார்கள் என்று திருப்பூர்ப் பக்கத்து மாணவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பில் அதைப் பேசக் கூச்சப்படுகிறவர்களே அதிகம். அந்த வகுப்பில் உங்களிடம் மட்டும் இருக்கும் சரக்கு அது.

சரி, நடைமுறைக்கு வருவோம். டென்மார்க்கில் ஜூலை என்றால் விடுமுறை. மாதத்தின் நடுவில் மூன்று வாரம் ஆலைகளும் அலுவலகங்களும் ஏறக்குறைய ஆளில்லாமல் கிடக்கும். போய் இறங்கிய பிறகு, "உங்கள் மேலாளரிடம் பேட்டி வேண்டும்" என்று மெயில் போட்டால் தானியங்கி பதில்தான் வரும். மே மாதமே எழுதிவிடுங்கள்.

90 நாளுக்கு உட்பட்ட தங்கலுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகியகால விசா). பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாக விண்ணப்பம் போயிருக்க வேண்டும். கடைசி வாரத்தை நம்பாதீர்கள், கோடையில் கூட்டம் அதிகம். 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்த விசாவில் பகுதிநேர வேலை கிடையாது. செலவுக்கு யூரோ மாற்றிக்கொண்டு போவதும் வீண், அங்கே குரோனர்.

கிரெடிட் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். ஐரோப்பியக் கணக்கில் 7.5 கிரெடிட் கோர்ஸ் என்றால் மொத்தம் 200 மணி நேரத்துக்கு மேல் உழைப்பு, அதில் பெரும்பகுதி வகுப்புக்கு வெளியே வாசிப்பு. "கோடை கோர்ஸ்தானே" என்று வார இறுதிகளுக்கெல்லாம் பஸ் டிக்கெட் போட்டுவிட்டால் தேர்வுக்கு முன் திணறுவீர்கள். அந்த கிரெடிட்டை உங்கள் கல்லூரி ஏற்குமா, எந்தப் பாடத்துக்கு ஈடாக என்று புறப்படும் முன்பே துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். மதிப்பெண் முறையையும் கையோடு கொடுத்துவிடுங்கள்: அங்கே உச்சம் 12, தேர்ச்சிக்கு 02 போதும், கீழே மைனஸ் 3 வரை உண்டு. 7 வாங்கினால் அது நல்ல மதிப்பெண். அதை நூற்றுக்கு எழுபது என்று மாற்றிப் பதிந்துவிட்டால் பிறகு திருத்தச் சொல்லி அலைய வேண்டியது நீங்கள்தான்.