ஹோம் பிள்ளைகளுக்குத் தீபாவளித் துணி எடுக்கும்போது தவிர்க்க வேண்டியவை

ஐப்பசி பிறந்தால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, ஒரு ஹோமுக்கு ஏதாவது செய்யலாம்னு இருக்கோம்..." வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகள் தங்கியிருக்கும் குழந்தைகள் இல்லத்தைத்தான் ஹோம் என்கிறோம். போன வாரம் பேசிய நாலு பையன்கள் முப்பது கலர் பென்சில் டப்பாவை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்கள். அந்த ஹோமில் இருப்பவர்கள் 14-லிருந்து 17 வயது வரை. பாதிப் பேருக்கு மீசை அரும்பிவிட்டது. திட்டலாம் என்றால் வாய் வரவில்லை. நானும் ஒரு காலத்தில் பொம்மைக் கார் வாங்கிக்கொண்டு போய் நின்றவன்தான்.

வயதைக் கேட்காமல் வாங்குவது, விலைச்சீட்டைக் கிழிக்க மறப்பது, இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைத் தாண்டி வருகிறேன்.

ஒரே தினுசில் துணி

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. முதல் எரிச்சல் என் மேல்தான்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடை. மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்றார்கள். 22 பையன்களுக்கு 22 சட்டை, எல்லாம் ஒரே மெரூன் கட்டம். கூடவே கறுப்பு பேண்ட். 18,000 ரூபாய் ஆனது. அளவை வயதை வைத்துச் சொன்னேன். பதினைந்து வயதில் ஒருவன் பன்னிரண்டு போலவும் இன்னொருவன் இருபது போலவும் இருப்பான் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. பாதிச் சட்டை தொளதொள, மீதி மூச்சு முட்டியது.

அளவுகூடப் பரவாயில்லை, பிடித்துத் தைத்துக்கொள்ளலாம். தீபாவளி முடிந்து பள்ளி திறக்கும் நாளில் பிள்ளைகள் புதுத்துணியில் வருவார்கள் அல்லவா? இவர்கள் படிப்பது எல்லாரும் படிக்கிற பள்ளியில். அந்தக் காலையில் ஒரே மைதானத்தில் 22 மெரூன் கட்டம். அதுவரை ஹோமில் இருப்பதை வகுப்பில் சொல்லாமல் வைத்திருந்த பையன்களை, நானே கைகாட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. பிறகு ஒருவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "யூனிஃபார்ம்தான் ஸ்கூல்லயே குடுக்குறாங்களே அண்ணா." அந்தச் சட்டையை அவன் மறுபடி போடவில்லை.

அடுத்த வருஷம் ஹோம் கண்காணிப்பாளரிடம் முன்கூட்டியே பேசினேன். ஆளுக்கு 900 ரூபாய் என்று கணக்கு வைத்தோம். ஹோம் ஊழியர் ஒருவர் கூட வர, ஐந்து ஐந்து பேராக, கூட்டமில்லாத வார நாளில் கடைக்குப் போனோம். ஒரு சட்டைக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரர் நெளிந்தார், நெளியட்டும். ஒருவன் சட்டையே எடுக்கவில்லை, மொத்தத்தையும் ஷூவில் போட்டான். இன்னொருவன் தனக்கு 350 ரூபாயில் ஒன்றை எடுத்துவிட்டு, பெண்கள் ஹோமில் இருக்கும் தங்கைக்கு மீதியில் சுடிதார் எடுத்தான். "இது உனக்குப்பா" என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

"ஒரே மாதிரி இருந்தாத்தான் சார் பொறாமை வராது" என்று இன்னமும் சொல்கிறார்கள். தொகை ஒன்றாக இருந்தால் போதாதா? உங்கள் வீட்டு அண்ணன் தம்பிக்கு இப்படியா எடுக்கிறீர்கள்?

ஒரு விஷயம். கடலூர்ப் பிள்ளைகளைப் புதுச்சேரி நேரு வீதிக்கு அழைத்துப் போகிறேன் என்று கிளம்பாதீர்கள். எல்லையில் இருக்கும் முள்ளோடை வந்தாலே புதுச்சேரி, வேறு ஆட்சி எல்லை. உள்ளூர்க் கடைக்கே அனுமதி வேண்டும்.

போட்டோ

கூடாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 74. பிள்ளையின் படம், பெயர், முகவரி, பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "முகத்தை மறைச்சுத்தான் போடுறோம்" என்பார்கள். மறைத்த முகத்தைப் போட்டு என்ன காட்டப் போகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

பெண் பிள்ளைகள்

சுடிதார் எல்லாரும் தருவார்கள். உள்ளாடை வாங்கித் தர யாருக்கும் தோன்றுவதில்லை, தோன்றினாலும் கூச்சம். ஒரு அக்கா கூடப் போய் அவரவர் அளவில் எடுக்க வைத்து, தனித்தனி கவரில் கொடுத்துவிடலாம். மேடையில் கூப்பிட்டுக் கொடுக்கிற பொருள் இல்லை அது.

செல்போன்

கண்காணிப்பாளரைக் கேட்காமல் வேண்டாம்.

பண்டிகை அன்றைக்கே போய் நிற்பது

சொந்தம் உள்ள பிள்ளைகள் இரண்டு மூன்று நாள் முன்பே ஊருக்குப் போய்விடுவார்கள். பரிசு அதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டும். தீபாவளி அன்று ஹோமில் மிச்சம் இருப்பது போக இடமில்லாத நாலைந்து பேர். ஸ்வீட் பெட்டி அன்றைக்கு மலையாகக் குவிந்திருக்கும். போவதானால் வெறுங்கையோடு போய் மதியம் வரை கேரம் ஆடுங்கள்.

பதினெட்டை நெருங்குபவர்கள்

சட்டப்படி 21 வயது வரை பின்னுதவி, அதாவது ஹோமை விட்ட பிறகு கிடைக்கும் உதவி, கேட்கலாம், ஆனால் 18 முடிந்தால் ஹோமை விட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டு கட்டைப்பையில் துணியைத் திணித்து, மார்க்‌ஷீட்டைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி ஒருவன் பஸ் ஏறியதைப் பார்த்த பிறகு, அந்த வயதுக்கு நான் சட்டை எடுப்பதில்லை. தோளில் மாட்டும் பெரிய பை, சான்றிதழ் வைக்க ஒரு ஃபைல். ஜிப்பில் பூட்டு மாட்ட முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அவன் அடுத்துத் தங்கப் போகும் அறையில் இன்னும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள்.