மைனஸ் எண்ணை வகுக்கும்போது மீதி

-7-ஐ 2-ஆல் வகுத்தால் சி என்ற புரோகிராம் மொழியில் ஈவு -3, மீதி -1. பைத்தான் என்ற இன்னொரு மொழியில் ஈவு -4, மீதி 1. இரண்டுமே சரிதான்: ஈவு × வகுத்தி + மீதி, -7 வந்துவிடுகிறது. பிற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் நூலகத்துக்கு (லைப்ரரி) எழுதும்போது நான் பைத்தான் வழியைத்தான் எடுப்பேன். கிழமை கணக்கிட மைனஸ் மீதி உதவாது.

பைத்தான் வழி விடையைப் பெற, வகுத்தி பூஜ்யமா என்று முதலில் பாருங்கள். பிறகு பிராசஸர் தரும் ஈவையும் மீதியையும் வாங்குங்கள். மீதி பூஜ்யமாக இல்லாமல், அதன் குறியும் வகுத்தியின் குறியும் வேறுபட்டால் மட்டும் ஈவில் 1 கழித்து, மீதியோடு வகுத்தியைக் கூட்டுங்கள். மீதி பூஜ்யமா என்ற சோதனையை ஒருமுறை விட்டுவிட்டேன். 6-ஐ -2-ஆல் வகுக்க ஈவு -4, மீதி -2 என்று வந்து நின்றது.

32 பிட் முழு எண்ணில் -2147483648-ஐ -1-ஆல் வகுத்தால் விடை 2147483648, அது 32 பிட்டில் அடங்காது. இன்டெல் சிப்பில் புரோகிராமே நின்றுவிடும். அதை வகுப்பதற்கு முன்பே பிடித்துவிடுங்கள்.