புறாத்தீவில் பிளாக்டிப் சுறாவை வீடியோ எடுப்பது எப்படி?

முதல்முறை சுறா எடுத்து வருபவர்களின் வீடியோவில் பெரும்பாலும் இருப்பது, நீல மூட்டத்துக்குள் தேய்ந்துபோகும் ஒரு வால். கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. துரத்தினால் வால்தான் கிடைக்கும்.

இந்தப் பதிவு திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் இருக்கும் புறாத்தீவை வைத்து எழுதியது. 2003இல் தேசியப் பூங்காவான இடம். முதுகில் காற்று டேங்க் கட்டத் தேவையில்லை, ஸ்நோர்கெல் (மூச்சுக்குழாய்) மாட்டிக்கொண்டு மிதந்தாலே பிளாக்டிப் சுறா கண்ணில் படும். மாலத்தீவில் ரிசார்ட்டை ஒட்டிய பவளப்பாறைகளுக்கும் இதே முறை பொருந்தும். உங்களுக்கு நீந்தத் தெரியும், முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் பதறாமல் ஊதி வெளியேற்றத் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

1. யாரை எடுக்கப் போகிறோம்

பிளாக்டிப் என்றால் எல்லாத் துடுப்பு நுனியிலும் கறுப்பு. முதுகுத்துடுப்பின் கறுப்புக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை தெரியும், அதுதான் அடையாளம். நாம் பார்ப்பவை பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் நீளம். பிறக்கும்போதே சுமார் அரை மீட்டர் இருக்கும் என்பதால், கரையோரம் முழங்கால் ஆழத்தில் சுற்றும் குட்டிகளையும் பார்க்கலாம்.

வீடியோ எடுப்பவருக்கு இதைப்பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். முதலாவது, இது நிற்காது. நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளுக்குள் தண்ணீர் ஓடும், மூச்சு கிடைக்கும். பகலில் குகைக்குள் படுத்துக் கிடக்கும் வெண்நுனிச் சுறா வாயாலேயே தண்ணீரை இழுத்து மூச்சு விடும், பிளாக்டிப்புக்கு அது முடியாது. இரண்டாவது, இதன் வட்டாரம் மிகச் சிறியது. பசிபிக்கில் பால்மைரா பவளத்தீவில் அளந்து பார்த்தபோது சுமார் அரைச் சதுர கிலோமீட்டர்தான் வந்தது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நிற்க முடியாத ஒரு பிராணி, சின்ன இடத்துக்குள்ளேயே சுற்றுகிறது. அப்படியென்றால் போன வழியில் திரும்பி வந்துதான் ஆக வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இதை நம்பித்தான்.

2. எப்போது

மே முதல் செப்டம்பர் வரை. வாடைக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரை கொந்தளிக்கும், தண்ணீரும் கலங்கிவிடும். அப்போது யாராவது கூட்டிப்போகிறேன் என்றாலும் மறுத்துவிடுங்கள்.

நாளின் முதல் படகில் போங்கள். கூட்டம் மட்டும் காரணமல்ல. நடுப்பகலில் ஆழமில்லாத இடத்தில் அலையின் வெளிச்சக் கோடுகள் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு அழகு, வீடியோவில் சுறாவின் முதுகெல்லாம் மினுக்கி மினுக்கிக் கெடுத்துவிடும். காலைச் சாய்வெயிலில் அது குறைவு. அலை தள்ளி முந்தைய நாள் மணல் கிளம்பியிருந்தால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. கரையிலிருந்தே தண்ணீர் பால் கலந்த மாதிரி தெரிந்தால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

3. கருவி

ஆக்‌ஷன் கேமரா போதும். புதிய கோப்ரோக்கள் கேஸ் இல்லாமலே 10 மீட்டர் ஆழம் வரை தாங்கும், ஸ்நோர்கெலுக்கு அது தாராளம். இருந்தாலும் டைவ் கேஸ் போடுவதே என் கட்சி. பாறையில் ஒருமுறை உரசினால் கீறல் கேஸில் விழட்டும், லென்ஸில் வேண்டாம். மொபைலை பிளாஸ்டிக் பையில் போட்டு எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. நீருக்குள் டச் ஸ்கிரீன் வேலை செய்யாது, பை கசிந்தால் மொபைலும் போச்சு.

கைப்பிடி விஷயத்தில், இரண்டு கையாலும் பிடிக்கிற சின்ன ட்ரேதான் சிறந்தது. ஒற்றைக் கையில் பிடித்தால் ஒவ்வொரு அலைக்கும் படம் சாய்ந்தாடும். மணிக்கட்டில் கயிறு கட்டாயம். மிதக்கும் கைப்பிடி இருந்தால் நல்லது, கேஸோடு சேர்த்தும் மிதக்கிறதா என்று வாளித் தண்ணீரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேஸை முந்தைய இரவே ஏசி அறையில் மூடுங்கள். படகில் ஈரக்காற்றோடு மூடினால் உள்ளே கண்ணாடி பனித்துவிடும், ஏனென்றால் கேமரா சூடாகும், கேஸின் முகப்பு கடலில் குளிர்ந்திருக்கும். ஈரம் உறிஞ்சும் தாள் ஒன்றைச் செருகுங்கள். ரப்பர் வளையத்தில் ஒரு முடி, ஒரு மணல் துகள் போதும் கசிவதற்கு. விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். புதுக் கேஸ் என்றால் கேமரா இல்லாமல் உள்ளே டிஷ்யூ தாளை வைத்து மூடி, வாளிக்கு அடியில் கால் மணி நேரம் அமுக்கி வைத்து எடுங்கள். தாள் காய்ந்திருந்தால் சரி.

4. செட்டிங்

4கே, நொடிக்கு 60 ஃபிரேம். பிறகு பாதி வேகத்துக்குக் குறைத்தால் சுறாவின் வால் அசைவு முழுதாகத் தெரியும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) மேல்வரம்பு 400, மேகமாக இருந்தால் 800. எக்ஸ்போஷரை (பதிவாகும் வெளிச்ச அளவை) அரைப் புள்ளி குறைத்து வையுங்கள், இல்லையென்றால் வெள்ளை மணலும் சுறாவின் வயிறும் வெளுத்துப்போகும்.

வொயிட் பேலன்ஸை (வெள்ளை எது என்று கேமரா கணிக்கும் நிறச் சமநிலை) ஆட்டோவில் விடாதீர்கள். கேமரா மேலே சாய்ந்தால் ஒரு நிறம், கீழே பாறை பக்கம் திரும்பினால் இன்னொரு நிறம் என்று ஒரே ஷாட்டுக்குள் மாறும். எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. 5500கே என்று பூட்டிவிட்டால் எல்லா ஷாட்டும் ஒரே அளவு நீலமாக வரும், ஒரே திருத்தத்தில் முடிந்துவிடும்.

லென்ஸ் வைட் (அகலப் பார்வை). லீனியர் (ஓர வளைவை வெட்டி நேராக்கும் பார்வை) வேண்டாம். தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸின் பார்வை நீருக்குள் சுருங்கும். காற்றில் 118 பாகை பார்ப்பது நீரில் ஏறக்குறைய 80 பாகைதான். கேமரா லீனியரில் இன்னும் வெட்டினால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

சிவப்பு ஃபில்டர் பற்றி: மேல்மட்டத்தில் மிதந்து எடுப்பவருக்கு அது தேவையில்லை. நீர் முதலில் உறிஞ்சுவது சிவப்பைத்தான், உண்மை. ஆனால் ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில் ஃபில்டர் போட்டால் எல்லாம் ரோஜாப்பூ நிறத்துக்குப் போய்விடும், வெளிச்சமும் குறையும். பலர் கவனிக்காதது, ஆழம் மட்டும் கணக்கில்லை, சுறாவுக்கும் லென்ஸுக்கும் நடுவிலுள்ள தண்ணீரும் கணக்கு. ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் சுறாவை நான்கு மீட்டர் தள்ளி எடுத்தால், ஐந்து மீட்டர் தண்ணீர் தின்ற நிறம்தான் வரும். நிறம் வேண்டுமா, அருகில் போக வேண்டும்.

5. அருகில் வரவைப்பது

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.

முதலில் ஒரு கணக்கு. அந்த 80 பாகை லென்ஸில், 1.2 மீட்டர் சுறா நான்கு மீட்டர் தூரத்தில் இருந்தால் திரையின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. ஒன்றரை மீட்டருக்கு வந்தால் பாதித் திரை. நீருக்குள் எல்லாம் கண்ணுக்குக் கிட்டத் தெரியும் என்பதால், "ரொம்பப் பக்கத்தில்தானே இருந்தது" என்று ஏமாந்துபோவது சகஜம். உங்கள் முகமூடிக்கு மூன்று மீட்டராகத் தோன்றுவது உண்மையில் நான்கு.

அந்த இரண்டரை மீட்டரை நீங்கள் நீந்திக் கடக்க முடியாது. பிளாக்டிப் கூச்ச சுபாவம். நீங்கள் ஃபின்னை (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) ஒருமுறை அடித்தால் அது வாலை ஒருமுறை அடிக்கும், ஆட்டம் அங்கேயே முடிந்தது. அது கடக்க வேண்டும், நீங்கள் அல்ல.

இறங்கியதும் கேமராவை மறந்துவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். பவளத்துக்கு நடுவே ஓடும் மணல் வாய்க்கால், பவளம் முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பு, இந்த இரண்டில் ஒன்றை ஒட்டித்தான் சுறா ரோந்து வரும். ஒரு சுறா எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது கண்ணை விட்டு மறைந்த பிறகு (மறைந்த பிறகு மட்டும்) அந்தப் பாதைக்கு இரண்டு மீட்டர் பக்கவாட்டில் போய்க் காத்திருங்கள். பாதைக்குக் குறுக்கே அல்ல. குறுக்கே மிதந்தால் வழியை மாற்றிக்கொள்ளும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

பிறகு அசையாமல் மிதந்துகொண்டிருங்கள். கை இரண்டும் ட்ரேயில், கால் நீட்டி, ஃபின் நீருக்குள். மேற்பரப்பில் சளப் சளப் என்று அடிக்கும் ஃபின்தான் மிகப் பெரிய எதிரி. நீருக்குள் தாழ்ந்த சத்தம் வெகுதூரம் போகும், சுறாவின் உடலோரக் கோடு அதிர்வை உணரும். வழக்கமாக முதல் சுற்றில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இரண்டாம் சுற்றில் கொஞ்சம் அருகில். மூன்றாம் நான்காம் சுற்றில்தான் ஷாட். நேராக முறைத்துப் பார்க்காமல், உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் இன்னும் கிட்ட வருகிறது என்பது டைவர்கள் பலரும் சொல்வது. எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு.

அரைமணி நேரம் ஒரே இடத்தில் மிதப்பது எளிதல்ல, குளிரெடுக்கும். முழுக்கை ராஷ்கார்டு (உடலோடு ஒட்டிய நீச்சல் சட்டை) போடுங்கள், வெயிலுக்கும் அதுவே பாதுகாப்பு. சன்ஸ்கிரீன் பூசிய விரல் லென்ஸில் பட்டால் அன்றைய வீடியோ முழுக்கப் புகைமூட்டம்தான்.

இரை போட்டு வரவைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: கூடாது. அது தேசியப் பூங்கா என்பது ஒரு பக்கம். மனிதன் என்றால் சாப்பாடு என்று பழகிய சுறா அடுத்து வருபவரின் கையைத்தான் முதலில் பார்க்கும்.

6. ஷாட்

பதிவைத் தொடங்கும் முன் கண்ணாடியை விரலால் ஒருமுறை துடையுங்கள். இறங்கும்போது ஒட்டிய குமிழிகள் திரையில் தெரியாது, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டால்தான் வட்ட வட்டமாக மங்கித் தெரியும்.

சுறா தூரத்தில் தெரியும்போதே பதிவை அழுத்திவிடுங்கள். அது ஃபிரேமுக்குள் வரட்டும், கடக்கட்டும், வெளியே போகட்டும். கேமரா பின்னாலேயே ஓட வேண்டாம். போன பிறகும் மனசுக்குள் பத்து எண்ணி நிறுத்துங்கள். எடிட்டிங்கில் வெட்டுவதற்கு இடம் தருவது அந்த வெறுமையான நொடிகள்தான்.

மேலிருந்து எடுத்தால் சுறாவின் பழுப்பு முதுகு மணலோடு கலந்துபோகும். மூச்சைப் பிடித்து ஒரு மீட்டர் இறங்கி அதன் கண் மட்டத்தில் எடுத்தால்தான் உருவம் நீலத்தில் பிரிந்து தெரியும். சுறா வரும்போது முங்காதீர்கள், திடுக்கிட்டு ஓடும். அது வருமுன்பே இறங்கிக் காத்திருங்கள். மூச்சுக்காகப் பந்தயம் வேண்டாம், கூட ஒருவர் மேலே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

7. மேலே வந்ததும்

கேஸைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் 20 நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, பிறகு திற. படகின் பலகையில் வெயிலில் போட்டு வைத்தால் கேமரா சூடேறித் தானே அணைந்துவிடும். 64 ஜிபி கார்டு இந்த செட்டிங்கில் சுமார் 70 நிமிடம் தாங்கும், பேட்டரி அதற்கு முன்னாலேயே கையை விரிக்கும். வைஃபையை அணைத்துவிட்டு, மாற்று பேட்டரி ஒன்று எடுத்துப்போங்கள். நிறம் திருத்த டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். சிவப்பைக் கொஞ்சம் ஏற்றுங்கள், மணல் மஞ்சளாகும் முன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: லைஃப் ஜாக்கெட்

படகில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம் போடச் சொல்கிறார்கள், முங்க முடியவில்லையே என்று சிலர் கேட்டிருந்தார்கள். நீச்சல் அரைகுறை என்றால் கழற்றவே கழற்றாதீர்கள். அதற்குப் பதில் ட்ரேயை விட்டுவிட்டு, 50 செ.மீ. கம்பியில் கேமராவை மாட்டி நேர் கீழே தொங்கவிடுங்கள். கேமரா அரை மீட்டர் இறங்கினாலே கோணம் நன்றாக மாறும். கம்பியைச் சுறாவை நோக்கி நீட்ட மட்டும் வேண்டாம், குத்த வருகிற மாதிரி அதற்குத் தெரியும்.

இன்னொன்று: நிற்பது

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு எடுக்கலாமா என்றால், வேண்டாம். பிளாக்டிப் கடித்ததாகப் பதிவான அபூர்வச் சம்பவங்களில் பெரும்பாலானவை ஆழமில்லாத நீரில் நடந்தவர்களின் கால், பாதத்தில்தான், மீன் என்று தவறாக நினைத்து. மிதந்தால் அந்தக் குழப்பம் இல்லை. பவளத்தின் மேல் கால் வைப்பதும் நடக்காது.

மாலத்தீவு போகிறவர்களுக்கு

கால்வாய்களில் நீரோட்டம் பிடிக்கும் இடத்தில் சாம்பல் பவளச்சுறா நிற்கும். இன்னும் பருத்த உடல், வாலின் பின்விளிம்பு முழுக்கக் கறுப்பு. அதன் குணம் வேறு. நெருக்கினால் மார்புத் துடுப்பு இரண்டையும் கீழே இறக்கி, முதுகை வளைத்து, மூக்கை உயர்த்தி, உடம்பை மிகையாக ஆட்டி நீந்திக் காட்டும். ஜான்சன், நெல்சன் என்ற ஆய்வாளர்கள் எனிவெடாக் பவளத்தீவில் பார்த்து 1973இல் விவரித்த எச்சரிக்கை இது. பாறைக்கும் உங்களுக்கும் நடுவில் அது சிக்கிக்கொண்டால் இன்னும் தீவிரமாகும். பார்க்க அட்டகாசமான ஷாட் மாதிரி இருக்கும், அங்கேதான் ஆபத்து. பதிவை விட்டுவிட்டு, முகத்தை அதன் பக்கமே வைத்தபடி, அது ஆழத்துக்குப் போக வழிவிட்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். லைட் எரிந்துகொண்டிருந்தால் அணையுங்கள்.