பழைய டிவியும் ஒரு காந்தமும்: நாம் ஜூன் பைக்கின் கலையைச் செய்து பார்க்கும் முறை

1932இல் சியோலில் பிறந்த வீடியோ கலைஞர் நாம் ஜூன் பைக் (Nam June Paik), 1965இல் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் பெரிய குதிரைலாடக் காந்தத்தை வைத்து, திரையில் ஓடியதைத் தன் கைக்கு வளையும் ஓவியமாக்கினார். அதை நேரில் உணர, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீடுகளின் பரணில் கிடக்கும் கறுப்பு வெள்ளைப் பெட்டியே போதும்.

விசிஆரில் கல்யாண கேசட்டைப் போட்டு, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைப் பெட்டியின் மேல் மெல்ல நகர்த்துங்கள். படக்குழலில் பாயும் எலக்ட்ரான் கற்றையைக் காந்தப்புலம் திருப்புவதால், பந்தல்கால் வளையும், மாப்பிள்ளையின் முகம் ஒருபக்கமாக இழுபடும். காந்தத்தை எடுத்ததும் படம் நிமிரும் கணம்தான் எனக்கு மிகப் பிடித்தது.

வண்ணப் பெட்டியில் இதைச் செய்யவே வேண்டாம். திரைக்குப் பின்னால் உள்ள உலோகத் தகட்டில் காந்தமேறி நிறக்கறை தங்கிவிடும். பின்மூடியையும் கழற்றாதீர்கள், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கும்.