மொட்டைமாடி ஆண்டெனாவில் முதல் ஹாம் கான்டெஸ்ட்

போன வருடம் அக்டோபர் கடைசியில், சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். ஹாம்கள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் உரிமம் உள்ளவர்கள், உலகம் முழுக்க எத்தனை ஸ்டேஷனோடு பேச முடியும் என்று மோதும் சிக்யூ வேர்ல்ட் வைட் கான்டெஸ்ட் நம் நேரப்படி அப்போதுதான் தொடங்கும். திங்கள் அதிகாலை ஐந்தரை வரை 48 மணி நேரம் ஓடும். ஆறு மணிக்குள் கீபோர்டு தானாக எழுத்துகளைத் தட்ட ஆரம்பித்தது. நான் மைக்கில் பேசும்போதெல்லாம் கணினி ரேடியோவைத் தொலைத்துவிட்டு "யூஎஸ்பி இல்லை" என்றது. அன்று முழுக்கப் பேசியது பதினோரு ஸ்டேஷன்.

அதைச் சரிசெய்த கதையும், முதல் கான்டெஸ்டுக்கு வேண்டிய மற்ற விஷயங்களும் இங்கே. உரிமம், ரேடியோ, பவர் சப்ளை எல்லாம் உங்களிடம் இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கம்பி

20 மீட்டர் பேண்டுக்கு ஒரு டைபோல் (நடுவில் கேபிள் சேரும் இரண்டு சம நீளக் கம்பி) போதும். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 14.2-க்கு ஏறக்குறைய 10 மீட்டர், ஒரு பக்கத்துக்கு 5. நீங்கள் 5.2 வெட்டி, நானோ வி.என்.ஏ. (ஆண்டெனாவை அளக்கும் சின்னக் கருவி) பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். நடுவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு மூங்கிலில் ஏற்றி, இரண்டு முனைகளையும் கைப்பிடிச் சுவர் வரை இறக்கிக் கட்டினால் தலைகீழ் வி. பக்கத்து ஃப்ளாட் மாமா, "என்ன சார், துணி காயப்போடக் கொடி கட்டறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

படி 2: கருப்பு வளையம் (இதைத் தாண்டிப் போகாதீர்கள்)

கீபோர்டு பேயாடியதும் நான் முதலில் கணினியைத்தான் சந்தேகப்பட்டேன். டிரைவரை அழித்துப் போட்டேன், யூஎஸ்பி கேபிளை மாற்றினேன். பவரைப் பத்து வாட்டுக்கு இறக்கினால் எல்லாம் சாதுவாக இருந்தது, ஐம்பதுக்கு ஏற்றினால் மறுபடி ஆட்டம். அப்போதுதான் ரேடியோவை ஆண்டெனாவோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிள் மேல் சந்தேகம் வந்தது. நானோ வி.என்.ஏ.வை மாட்டி கேபிளைக் கையால் பிடித்துப் பார்த்தேன். எஸ்.டபிள்யூ.ஆர். (பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) ஆடியது. கேபிள் ஒழுங்காக இருந்தால் அப்படி ஆடக் கூடாது.

காரணம் இது. கோஆக்ஸின் உட்கம்பியிலும் அதைச் சுற்றியுள்ள உலோக வலையின் உட்புறத்திலும் ஓடவேண்டிய மின்னோட்டம் மட்டும் ஓடினால் பிரச்சினை இல்லை. ஆனால் டைபோலை நேரடியாக இணைத்தால் வலையின் வெளிப்புறம் மூன்றாவது கம்பியாகிவிடும். பேசும்போது ஆர்.எஃப். (ஆண்டெனாவுக்குப் போகவேண்டிய ரேடியோ சக்தி) அதன் வழியே அறைக்குள் இறங்கி ரேடியோ, யூஎஸ்பி, கணினி என்று ஊர்வலம் போகும். கேட்கும்போது எதிர்த்திசை: எல்இடி பல்பு, செட்டாப் பாக்ஸ், சார்ஜர், லிஃப்ட் மோட்டார் கக்கும் இரைச்சல் எல்லாம் அதே வழியாக ஏறி ரிசீவருக்குள் வந்துவிடும். சென்னை அடுக்குமாடியில் "எஸ்9 இரைச்சல், ஒன்றும் கேட்கவில்லை" என்று புலம்புகிறவர்கள் (எஸ் என்பது ரிசீவர் மீட்டரின் அளவு, எண் ஏற ஏற பலம்) முதலில் பார்க்கவேண்டிய இடம் இது.

மருந்து, காமன் மோட் சோக்: கோஆக்ஸை ஒரு வளையத்தில் சுற்றி, வலையின் வெளிப்புறத்தில் ஓடும் மின்னோட்டத்தை மட்டும் தடுப்பது. இங்கேதான் இரண்டாவது முறை சறுக்கினேன். பழைய கணினிப் பவர் சப்ளையிலிருந்து ஒரு மஞ்சள்-வெள்ளை வளையம் கழற்றி அதில் கோஆக்ஸைச் சுற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. அது இரும்புத்தூள் வளையம், இந்த வேலைக்கு ஆகாது. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெயர் தெரியாத வளையங்களை எடைக்கு எடை வாங்கிச் சோதித்த நாளை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. உங்களுக்கு வேண்டியது மிக்ஸ் 31 (கலவையின் எண்) ஃபெரைட், 2.4 அங்குல வெளிவிட்டம், எஃப்டி240-31 என்று கேளுங்கள். அதில் ஆர்ஜி-58 கோஆக்ஸைப் பன்னிரண்டு சுற்று. உள்ளே ஃபோம் உள்ள கேபிளை இப்படி வளைக்காதீர்கள், நடுக்கம்பி ஒருபக்கமாக நகர்ந்துவிடும். ஒரு சோக்கை ஆண்டெனாவின் நடுவில், கம்பி சேரும் இடத்துக்கு நேர் கீழே மூங்கிலோடு கட்டுங்கள். இன்னொன்று கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில்.

என் வீட்டில் இரைச்சல் எஸ்9-லிருந்து எஸ்6-க்கு இறங்கியது. கீபோர்டும் அடங்கியது. விலை கொஞ்சம் உறைக்கும்தான். ஆனால் புது மைக், புது ஸ்பீக்கர் என்று செலவழிப்பதற்கு முன் இதை வாங்குங்கள் என்பது என் கட்சி.

படி 3: லாக்

பேசிய ஸ்டேஷன்களைப் பதிவு செய்ய (அதுதான் லாக்) என்1எம்எம் லாகர் பிளஸ் மென்பொருள். இலவசம், விண்டோஸில் ஓடும். ரேடியோவும் லாகரும் ஒரே பாட் ரேட்டில் (தரவு வேகத்தில்) இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். தாளில் எழுதி அப்புறம் தட்டச்சு செய்வேன் என்று அடம் பிடிக்காதீர்கள். ஒரே ஸ்டேஷனை அதே பேண்டில் இரண்டு தடவை அழைத்து அசடு வழிவீர்கள்.

படி 4: பேசுவது

இந்தப் போட்டியில் கொடுக்கவேண்டியது சிக்னல் ரிப்போர்ட்டும் சிக்யூ ஜோன் (உலகைப் பிரித்த பகுதி) எண்ணும். இந்தியாவின் பெரும்பகுதிக்கு, அதாவது நமக்கு, 22. "ஃபைவ் நைன் டூ டூ." அவ்வளவுதான். நம் காலை 40 மீட்டர் நெட்டில் (ஹாம்கள் கூடிப் பேசும் அரட்டையில்) பெயர், ஊர், வெயில், காபி ஆச்சா எல்லாம் கேட்டுப் பழகிய நாக்கு இங்கே தடுமாறும். "ப்ளீஸ் காப்பி" வேண்டாம். அழைப்புக்குறியின் கடைசி இரண்டு எழுத்தை மட்டும் சொல்லிக் கூப்பிடுவதும் வேண்டாம். முழு அழைப்புக்குறியை ஒரே ஒரு தடவை சொல்லி நிறுத்திக் கேளுங்கள்.

முதல் சில மணி நேரம் பேண்டில் உருட்டி, சிக்யூ (யார் வேண்டுமானாலும் வாருங்கள் என்ற பொது அழைப்பு) கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லுங்கள். துணிச்சல் வந்ததும் காலியான இடம் பார்த்து நீங்களே சிக்யூ கூப்பிடுங்கள். ஐம்பது வாட்தானே என்று தயங்கவேண்டாம். நாடும் ஜோனும் சேர்ந்து, எதிர்முனைக்காரருக்கு நாம் இரண்டு மல்டிப்ளையர் (மொத்தப் புள்ளியைப் பெருக்கும் எண்). மாலை ஐரோப்பாவுக்குப் பாதை திறக்கும்போது ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள், மொய்த்துவிடுவார்கள். வேறு கண்டத்துக்கு 3 புள்ளி, ஆசியாவுக்குள் வேறு நாட்டுக்கு 1. இந்திய ஸ்டேஷனுக்குப் புள்ளி கிடையாது, ஆனால் மல்டிப்ளையராக உதவும், ஒன்றாவது பிடித்து வையுங்கள்.

படி 5: அனுப்புவது

போட்டி முடிந்த ஐந்து நாளுக்குள் கேப்ரில்லோ என்ற போட்டி வடிவக் கோப்பாக லாகை அனுப்பவேண்டும். லாகரே அந்தக் கோப்பைச் செய்து தரும். ஐம்பது வாட் என்றால் லோ பவர். உரிமம் வாங்கி மூன்று வருடத்துக்குள் என்றால் ரூக்கி (புதியவர்) பிரிவையும் குறியுங்கள், தாத்தாக்களோடு மோதவேண்டாம்.

பின்சேர்க்கை 1: மிக்ஸ் 43 தான் கிடைத்தது, பரவாயில்லையா என்று கேட்டார்கள். 20 மீட்டரிலும் அதற்கு மேலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். 40, 80 மீட்டருக்கு 31 மேல்.

பின்சேர்க்கை 2: போட்டி சரியாக வடகிழக்குப் பருவமழையில் வந்து விழுகிறது. கனெக்டர்களை செல்ஃப் அமால்கமேட்டிங் (தன்மேலேயே ஒட்டி ஒன்றாகும்) டேப்பால் இழுத்துச் சுற்றுங்கள், சாதா இன்சுலேஷன் டேப் ஒரு மழை தாங்காது. இடி கேட்டால் புள்ளி போனாலும் பரவாயில்லை, கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: ஒரு நண்பரின் லாக் முழுவதும் நேரம் தப்பாக இருந்தது. புதிதாகப் போட்ட விண்டோஸில் டைம் ஜோன் அமெரிக்காவில் இருந்திருக்கிறது. அவர் அதை மாற்றாமல் கடிகாரத்தை மட்டும் நம் நேரத்துக்குத் திருப்பிவிட்டார். லாகர் யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்குப் போடுவது அந்த டைம் ஜோனை வைத்துத்தான். வெள்ளி இரவே லாகரில் தெரியும் நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டி, சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.