ஆடிட்டருக்குக் காகிதம் அனுப்பும் முன்

ஊழியர்களின் சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் படிவம் 16-ஐ நிறுவனங்கள் ஜூன் 15-க்குள் கொடுத்துவிட வேண்டும். அது கைக்கு வந்ததும், மும்பை மாட்டுங்காவில் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்குச் சயான், தாராவி, செம்பூர் என்று நாலாபக்கத்திலிருந்தும் வருமான வரிக் கணக்குக்காக நம்மவர்களின் ஆவணங்கள் வந்து குவியும். பாதி நேரம் அவற்றைப் படிப்பதிலேயே போய்விடுகிறது.

வங்கிக் கணக்கு அறிக்கைதான் பெரிய தலைவலி. தயவுசெய்து கணினித் திரையைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். சுழலும் மின்விசிறியும் ஜன்னல் வெளிச்சமும் பளிச்சென்று தெரியும், தொகைதான் தெரியாது. வாட்ஸ்அப்பில் புகைப்படமாகப் போட்டால் அது படத்தைச் சுருக்கிவிடும், 3 எது 8 எது என்று பிடிபடாது. வங்கிச் செயலியிலிருந்து பிடிஎஃப் கோப்பை இறக்கி, ‘டாக்குமெண்ட்’ என்ற வழியாக அப்படியே அனுப்புங்கள். பாஸ்புக் மட்டும்தான் இருக்கிறதென்றால் பகல் வெளிச்சத்தில், பக்க வரிசை மாறாமல் படம் எடுங்கள்.

கோப்புக்குக் கடவுச்சொல் இருந்தால் அதையும் கூடவே எழுதுங்கள். வருமான வரித் தளத்தில் கிடைக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கைக்கு, சிறிய எழுத்தில் பான் எண்ணும் அதையடுத்துப் பிறந்த தேதியும்தான் கடவுச்சொல். வங்கிக்கு வங்கி முறை வேறு. அதை ஊகித்துக்கொண்டிருக்க எங்களால் முடியாது.

கணக்கு எண்ணைக் குரல் பதிவில் சொல்லவே வேண்டாம். ஒரு பெரியவர் லோக்கல் ரயிலில் நின்றபடி சொல்லி அனுப்பினார். நான்கு இலக்கம் கேட்டது, பிறகு “அக்லா ஸ்டேஷன் குர்லா” என்ற அறிவிப்பு, கடைசியில் “சரிதானேம்மா?” என்ற கேள்வி. காசோலை ஒன்றில் குறுக்கே இரண்டு கோடு போட்டு, ‘கேன்சல்’ என்றெழுதிப் படம் எடுத்தால் போதும். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 இடங்கள். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், ‘ஓ’ எழுத்தல்ல. கணக்கு எண் தவறினால், கூடுதலாகக் கட்டிய வரி (ரீஃபண்ட்) திரும்ப வராது. அது உங்கள் உழைப்பின் பணம், அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கு ஒன்று: பில்களை மஞ்சள் பையில் திணித்து மார்ச் முடிந்தபின் கொண்டுவராதீர்கள். மாதத்துக்கு ஓர் உறை போடுங்கள். இயந்திரத்தில் வரும் வழவழப்பான ரசீதுகளில் எழுத்து நாளடைவில் மங்கி வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே நகல் எடுத்து, அசலோடு சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்துவிடுங்கள்.